பழசுக்கு மேலேயா, துடைத்துவிட்டா?

போன வாரம் அகளியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்து வந்து போகிறதாம்.

"மாமா, இருக்கறதுக்கு மேலயே புதுசைப் போட்டுரலாமா, இல்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லருந்து போடட்டுமா?"

"எதையும் அழிச்சுறாதடா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பையன் பயந்துபோனான். அவனுக்குச் சொல்ல நினைத்து, தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷத்துக்கும் மேல் வயது. மைக்ரோசாஃப்ட் 1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5 வெளியிட்டபோது, கடையில் 'அப்கிரேடு' பெட்டியாக விற்றது. அதற்கு முன்பெல்லாம் டாஸ் என்பது கம்ப்யூட்டர் செய்கிறவர்கள் மெஷினோடு சேர்த்துக் கொடுப்பது. தனியாகக் கடையில் போய் வாங்குகிற சரக்கு இல்லை. டாஸ் 5 பெட்டியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பழைய டாஸ் கோப்புகளைத் தூக்கி எறியாமல் 'ஓல்டு டாஸ்' என்று ஒரு அடைவில் எடுத்து வைக்கும். புதுசு பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போகலாம்.

1995 ஆகஸ்ட் 24-இல் விண்டோஸ் 95 வந்தபோது இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. அமெரிக்க விலையில் அப்கிரேடு சுமார் 110 டாலர், முழுசு சுமார் 210. அதன் பிறகு இந்த இரட்டை விலை வழக்கமாகவே ஆகிவிட்டது. 2001 அக்டோபர் 25-இல் வந்த எக்ஸ்பி ஹோம் அப்கிரேடு 99 டாலர், முழுசு 199. 2009-இல் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் அப்கிரேடு 120, முழுசு 200.

இரண்டு வட்டிலும் இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பி.காம் படித்தவனுக்கு இது புரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயம் இல்லை. ஒரே சரக்குக்கு ஆளைப் பார்த்து இரண்டு விலை. ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர் போட்டிக் கடைக்குப் போய்விடாமல் இருக்க ஒரு தள்ளுபடி. ஆனால் கடைக்காரர் வாய் வார்த்தையை நம்பித் தள்ளுபடி தருவாரா? "நீ பழைய வாடிக்கையாளர் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்கிற வேலையை அந்த வட்டுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். அப்கிரேடு வட்டு முதலில் வன்தட்டில் பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் பேசாமல் வேலையை ஆரம்பிக்கும். காலித் தட்டாக இருந்தால் "பழைய வட்டைப் போடு, பார்க்கிறேன்" என்று கேட்கும். போட்டுக் காட்டினால் சரி.

வங்கியில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நாங்கள் செய்வதும் இதேதான். ஆள் எதிரில் நின்றாலும், அவர்தான் அவர் என்பதற்குத் தாள் வேண்டும்.

சரி, நம்மூருக்கு வருவோம். நம் ஊரில் பழைய வட்டு யாரிடம் இருந்தது? கோவையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ போய் பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்த மெஷின்கள்தான் அன்றைக்கு அதிகம். விண்டோஸ் உள்ளே போட்டே வரும். வட்டும் வராது, பில்லில் அதற்கு ஒரு வரியும் இருக்காது. அமெரிக்காக்காரன் 'அப்கிரேடா முழுசா' என்று விலையைப் பார்த்து யோசித்தான். நமக்கு அந்தக் கேள்வியே வேறு மாதிரி வந்தது: மேலேயே போடுவதா, 'ஃபார்மட்' அடிப்பதா? மெஷின் மெதுவாகப் போனால் ஃபார்மட். வைரஸ் வந்தால் ஃபார்மட். பிரின்டர் ஓடவில்லையென்றாலும் ஃபார்மட். தலைவலிக்கு மொட்டை போட்டு அனுப்புகிற வைத்தியம் :-)

எங்கள் வீட்டுக்கு 2000-இல் வந்த மெஷினும் அப்படிக் கோர்த்ததுதான். விண்டோஸ் 98, 64 எம்பி நினைவகம். மண்ணார்க்காட்டிலிருந்து சுரம் ஏறி வருகிற மழைக்காலக் கரண்டை நம்பி அதை ஓட்டினோம். அட்டப்பாடியில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆனைகட்டி தாண்டினால் கோயமுத்தூர். நான் கல்லூரி படித்தது கோவையில். அப்பாவுக்கு மலஞ்சரக்குக் கடை. மிளகு, இஞ்சி, பாக்கு. கடைக்கணக்கு போக, இன்னொரு நோட்டும் அவரிடம் இருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மாடு ஓட்டிக்கொண்டு இந்த மலைக்குள் வந்தது, எந்த வருஷம் எங்கே குடிசை போட்டது, எந்தக் காடு யாரிடமிருந்து வந்தது என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். 2001-இல் வேலை தேடிக்கொண்டு சும்மா இருந்த எனக்கு, அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்தேன். ஒரு பத்திரிகையோடு வந்த வட்டில் இருந்த தமிழ் எழுத்துருவில், மூன்று கோப்புகளாக.

2002-இல் ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன், "இந்தாடா, ஒரிஜினல்" என்று எக்ஸ்பி ஹோம் அப்கிரேடு வட்டைக் கையில் கொடுத்தார். வீட்டில் நான் தொட்ட முதல் ஒரிஜினல் வட்டு அதுதான்.

முதலில் 98-க்கு மேலேயே போட்டேன். எக்ஸ்பி 98-இன் தம்பி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. 95, 98, எம்ஈ மூன்றும் டாஸின் மேல் கட்டிய வீடுகள். எக்ஸ்பி என்.டி., 2000 வம்சத்தைச் சேர்ந்தது. இரண்டு வம்சமும் சந்தித்த இடம் எக்ஸ்பி. 98-க்கு மேல் போடலாம் என்று அனுமதி இருந்தாலும், உள்ளே நடப்பது மராமத்து இல்லை, ஒரு வீட்டு ஆட்களை இன்னொரு வீட்டில் குடியேற்றுகிற வேலை. சிலர் வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் மோடம் வரவில்லை. 64 எம்பி என்பது எக்ஸ்பிக்கு உயிர் பிழைக்கிற அளவு மட்டும். 128 இருந்தால்தான் நிம்மதி. மெஷின் மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. 98-க்கு மேல் எக்ஸ்பி போட்டால், வன்தட்டின் அமைப்பை என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றாத வரைக்கும், எக்ஸ்பியை நீக்கிவிட்டு 98-க்கே திரும்பலாம். டாஸ் 5-இன் அந்த நல்ல பழக்கம் இதிலும் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. திரும்பிப் போவது என்றால் தோல்வி. துடைத்துவிட்டுப் போடுவோம் என்று முடிவு செய்தேன்.

வட்டிலிருந்து நேராகக் கிளப்பினால், அது பழைய விண்டோஸ் வட்டைக் கேட்டது. கோவையில் ஒரு நண்பனிடம் 98 வட்டை இரவல் வாங்கி வந்து காட்டினேன். ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு வங்கி அதிகாரியாக உட்கார்ந்து இதை எழுதும்போது கூசுகிறது. அடுத்தவன் பாஸ்புக்கைக் காட்டிக் கடன் வாங்கினது போலத்தான். அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

கோப்புகளை நான் விடவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு சிடியில் எழுதி வைத்திருந்தேன். ஃபார்மட் முடிந்து எக்ஸ்பி பளபளவென்று வந்தது. அப்பாவின் கோப்பைத் திறந்தேன். தலையில் கொம்பு வைத்த லத்தீன் எழுத்துகளும் கேள்விக்குறிகளும் வரிசையாக நின்றன. கோப்பு இருந்தது. எழுத்துரு இல்லை. அது வன்தட்டோடு போய்விட்டது. பத்திரிகையோடு வந்த வட்டையும் காணவில்லை.

சின்ன வயசுக்காரர்களுக்கு இது புரியாது. அன்றைக்குத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தனி ராஜ்ஜியம். ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை ஒழுங்குபடுத்தத் திஸ்கி வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது, ஆனால் சாதாரண ஆள் மெஷினில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரவேண்டியிருந்தது. லதா எழுத்துரு அவற்றோடுதான் வந்தது.

அதிலும் ஒரு சங்கதி. எக்ஸ்பியில் தமிழ் தானாக வராது. கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் "எக்ஸ்பி வட்டைப் போடு" என்று கேட்கும். 2003, 2004-இல் தமிழில் வலைப்பதிய வந்தவர்கள் எத்தனை பேருக்கு "கட்டம் கட்டமாகத் தெரிகிறது" என்ற புலம்பலுக்கு இந்த வட்டைத் தேடச் சொல்லிப் பதில் எழுதியிருப்போம்! வட்டு இல்லாதவனுக்குத் தமிழ் இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை.

அப்பாவிடம் சொன்னேன். "நோட்டு இருக்குதல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நோட்டைக் கரையான் பார்த்துக்கொண்டது. 2006-இல் அப்பா போய்விட்டார். அந்த சிடி மட்டும் என் பெட்டியில், நான் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் கூடவே வந்தது.

நடுவில் வேலைக்கு வந்த கதை. நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கிளைகளெல்லாம் கோர் பேங்கிங்குக்கு மாறிக்கொண்டிருந்தன. 1980-களில் ரங்கராஜன் குழு இரண்டு முறை அறிக்கை கொடுத்து ஆரம்பித்து வைத்த வேலை. அப்கிரேடு, முழுசு இரண்டையும் எனக்குச் சரியாகப் புரியவைத்தது அந்த மாற்றம்தான். பேரேடு நிரம்பினால் இரண்டு வழி. அதே பேரேட்டில் தாள் சேர்த்துத் தைக்கலாம். பழைய தப்புகளும் கூடவே வரும். அல்லது புதுப் பேரேடு போட்டு, ஆரம்ப இருப்பை மட்டும் எடுத்து எழுதலாம். சுத்தமாக இருக்கும், ஆனால் நீங்கள் எடுத்து எழுதாதது எதுவும் அங்கே இருக்காது. அதனால்தான் புதுப் பேரேடு போடும்போது எந்த வங்கியும் பழசைக் கிழித்துப் போடாது. கட்டி, முத்திரை வைத்து, அலமாரியில் ஏற்றும். 2002-இல் எனக்கு இல்லாத புத்தி இது.

2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது விதி மாறியது. இனிமேல் பழைய வட்டைக் காட்டினால் போதாது. அப்கிரேடு விசையைப் பயன்படுத்த, பழைய விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? விசை கொடுக்காமல் ஒருமுறை விஸ்டாவைப் போட்டு, அதன் மேலேயே இன்னொருமுறை அப்கிரேடாகப் போட்டு வேலையை முடித்தார்கள். விண்டோஸ் 7-க்கு எக்ஸ்பியிலிருந்து நேர் வழியே கிடையாது. அப்கிரேடு விலையில் வாங்கலாம், ஆனால் புதிதாகத்தான் போட வேண்டும். பழசை 'விண்டோஸ் ஓல்டு' என்ற அடைவில் தள்ளி வைக்கும். புரோகிராம்களை எல்லாம் மறுபடி போட வேண்டும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ அலுவலகங்கள் எக்ஸ்பியிலேயே உட்கார்ந்துவிட்டன. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பி ஆதரவு முடிந்தது. ஏடிஎம் பெட்டிகளுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. 2017 மே 12-இல் வான்னாக்ரை வந்தது. வயநாட்டில் ஒரு ஊராட்சி அலுவலகம், பாலக்காட்டில் ரயில்வே கோட்ட அலுவலகம் என்று எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களும் பூட்டிக்கொண்டன. உலக அளவில் அதில் மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 மெஷின்கள் என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்கான ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாததுதான் தப்பு. அடுத்த வருஷம், 2018 ஜூன் 21-இல், ரிசர்வ் வங்கி ஏடிஎம்களுக்குக் கெடு வைத்தது. 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் எல்லாமே ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாறியாக வேண்டும்.

இதற்குள் எங்கள் கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் மூன்றாவது வட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டன. 2001-இல் ஆரம்பித்த ஐடி அட் ஸ்கூல் திட்டம், விண்டோஸை விட்டுவிட்டு குனு/லினக்ஸுக்குப் போனது. 2017-இல் அது கைட் என்ற நிறுவனமாகியும் அதே பாதைதான். அந்த வட்டு அப்கிரேடா முழுசா என்று கேட்காது, பழைய அத்தாட்சி கேட்காது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை. அக்கா மகன் அகளியில் அரசுப் பள்ளியில் படித்தபோது தொட்டது அதைத்தான். நண்பனிடம் இரவல் வட்டு வாங்கிப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை.

அப்கிரேடு வட்டின் கதை 2013-இல் முடிந்தது. விண்டோஸ் 8 வரை பெட்டியில் அப்கிரேடு வந்தது, 8.1-இலிருந்து கடையில் முழுசு மட்டும். 2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10-ஐ, 7-ம் 8.1-ம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அத்தாட்சி இப்போது வட்டில் இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் உங்கள் மெஷினின் பெயருக்கு எதிரே ஒரு பதிவு. 2021-இல் வந்த 11 இன்னும் ஒரு படி போய், மெஷினிலேயே டிபிஎம் 2.0 சில்லு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் பழைய வாடிக்கையாளர் என்பதெல்லாம் முறைப்படி செல்லாது.

இனி அந்த சிடி. 2009-இல் ஒரு நீண்ட விடுமுறையில் அதை எடுத்தேன். நண்பர் ஒருவர் வழி சொன்னார்: "தெரிஞ்ச வரி ஒன்னைப் பிடிங்க." நோட்டின் முதல் வரி அப்பாவின் பெயரும் ஊரும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அதை வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டேன். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று பார்வை வரிசையில் இருந்ததை ஒலி வரிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது தேடுவது போலத்தான், ஒவ்வொரு வரியாக. நாலு நாளில் மூன்று கோப்பும் யூனிகோடில் திரும்பி வந்தன.

உட்கார்ந்து வாசித்தேன். இரண்டாவது கோப்பில் மேட்டுக்காட்டைப் பற்றி ஒரு பத்தி. அந்தக் காடு ஒரு இருளர் குடும்பத்தின் கையில் இருந்தது, தானியக் கடனுக்காகத் தாத்தாவிடம் வந்தது, எழுத்து எதுவும் இல்லை என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் குடும்பத்தின் ஊர்ப் பெயரும் பெரியவரின் பெயரும் இருந்தன. அக்கா கல்யாணத்துக்கு விற்ற காடு அதுதான்.

2001-இல் அதை என் விரல்களாலேயே தட்டியிருக்கிறேன். ஒன்றும் உறைக்கவில்லை.

ஆதிவாசி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் போனதை மீட்கவும் கேரளச் சட்டமன்றம் 1975-இல் சட்டம் போட்டது. விதிகள் 1986-இல்தான் வந்தன. 1999-இல் வேறு சட்டம் வந்து, 2 ஹெக்டேர் வரைக்குமான நிலம் வைத்திருப்பவரிடமே இருக்கலாம், இழந்தவருக்கு அரசு மாற்று நிலம் தரும் என்றாக்கியது. எந்தச் சட்டமானாலும், கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி ஒன்றுதான்: முன்னாடி உன்னிடம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி எங்கே? அட்டப்பாடியில் அந்தத் தாள் இல்லாதவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அதை நான் ஒரு மோடம் ஓடவில்லை என்பதற்காகத் துடைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அடுத்த விடுமுறையில் அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் இல்லை. பேரன் இருந்தார், என் வயது. படித்துக் காட்டினேன். "எங்க பாட்டன் பேரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். காட்டைத் திருப்பித் தருகிற இடத்தில் நான் இல்லை. தாளைத் தர முடிந்தது.

அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான். மெஷினில் டிபிஎம் இருக்கிறதா பார். இருந்தால் மேலேயே போடு. இல்லையென்றால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு வாங்கலாம், அல்லது பள்ளியில் படித்த லினக்ஸைப் போடு. துடைத்துவிட்டுப் போடுவதிலும் தப்பில்லை, சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் துடைப்பதற்கு முன்னால் வேறொரு மெஷினில் எல்லாக் கோப்பையும் ஒருமுறை திறந்து, படிக்க வருகிறதா என்று பார்த்துவிடு.

"எல்லாத்தையுமா மாமா?" என்றான்.

எல்லாத்தையும்தான்.